பாலத்துக்காரர் பார்க்காத வளையங்கள்

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அலுவலகக் காகிதங்களில் மட்டும் குடியிருந்தது. மற்றபடி டீக்கடையில் அவர் பாலத்துக்காரர், முடிதிருத்தும் கடையில் பாலத்துக்காரர். கட்டிய மனைவியே பக்கத்து வீட்டில் பேசும்போது, "எங்க பாலத்துக்காரருக்குக் காய்ச்சல்" என்றுதான் சொல்வாள், என்னவோ அந்தப் பாலத்தை அவர் சொந்தக் காசில் கட்டினது மாதிரி.

அவர் கட்டவில்லை. கட்டினவர்கள் மண்ணோடு மண்ணாகிப் பல காலம் ஆகிவிட்டது. அவர் அதற்குப் பெயிண்ட் அடிக்கிறவர், அவ்வளவுதான். ஆற்றின் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், மேட்டுப் பக்கத்தில் எழும்பி ஆலைப் பக்கத்தில் இறங்குகிற ஒற்றை இரும்பு வளைவு அது. வளைவிலிருந்து இறங்கும் கனத்த தொங்கு சட்டங்கள்தான் சாலையைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது பஸ் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது திட்டுவதற்கான இடம்.

இரண்டு பக்கத்துக்கும் ஆகாது. மேட்டுப் பக்கத்தார் எதிர்க்கரையைப் புகை படிந்த ஊர் என்பார்கள். ஆலைப் பக்கத்தார் இவர்களை, மூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து படி தெரியாமல் விழுகிறவர்கள் என்பார்கள். இந்த லட்சணத்தில் மேட்டுப் பக்கத்துப் பாலத்துக்காரருக்கு ஆலைப் பக்கத்தில் பெண் அமைந்தது. பெயிண்டுதான் அதற்குக் காரணம். மேலே தொங்கிக்கொண்டு அவர் அடித்ததில் ஒரு சொட்டு சாம்பல் நிறம், கீழே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளின் புதுக் குடையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்து அவள் விட்ட வசவில் நடந்து போனவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இறங்கவும் முடியாமல், பதில் சொல்லவும் முடியாமல் அவர் திரிசங்கு மாதிரி தொங்கினார். மறுநாள் ஒரு குடை வாங்கிக்கொண்டு அவள் வீட்டைத் தேடிப் போனார். குடை கொடுக்கப் போனவர் மாப்பிள்ளையாகித் திரும்பினார்.

கல்யாணத்துக்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தாயில்லாத தம்பி ஒருவன் இருந்தான். "அவனும் என்கூட வருவான். முடியாதுன்னா குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள். அவர் கிளம்பவில்லை. அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்த பொடியன் அந்த வீட்டிலேயே வளர்ந்தான். அவர்களுக்குப் பிள்ளை பிறக்காததால் அவனே பிள்ளையும் ஆனான், மச்சினனும் ஆனான். வளர்ந்ததும் பாலத்து வேலையில் அவரே சேர்த்துவிட்டார். இப்போது அவனுக்கும் கல்யாணமாகி, ஆலைப் பக்கத்திலேயே ஒரு வெல்டிங் கடைக்குப் பின்னால் குடியிருக்கிறான். மாமாவும் மச்சினனும் ஒரே தொங்கு சாரத்தில், ஒரே வாளியில் பிரஷ்ஷை முக்கி வேலை செய்தார்கள்.

பாலத்துக்கு வண்ணம் அடிப்பது முடிவில்லாத வேலை. ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனை போய்ச் சேர்வதற்குள் ஆரம்பித்த இடத்தில் துரு எட்டிப் பார்க்கும். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் துருவைச் சுரண்டி, செக்கச்செவேலென்று பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடிப்பார்கள். அது காய்ந்த பிறகு சுத்தியல்காரர் வருவார். அவர் வேலை, இரும்பை இணைத்துப் பிடித்திருக்கிற ரிவெட் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பது. நல்ல ரிவெட் கணீரென்று பதில் சொல்லும். தளர்ந்தது, தூக்கத்தில் எழுப்பினவன் மாதிரி மொத்தென்று முனகும். முனகுவதைச் சுற்றி மஞ்சள் சாக்கட்டியால் ஒரு வளையம் போடுவார். அந்த வளையம் இருக்கிற இடத்தை விட்டுவிட்டுத்தான் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும். பிறகு போல்ட் போடுகிறவர்கள் வளையத்தைப் பார்த்து வந்து, கெட்டதைக் கழற்றிப் புதுசு மாட்டுவார்கள். வளையத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் கெட்ட ரிவெட் நல்ல ரிவெட்டுக்குள் கலந்துவிடும். பாலத்தில் சேர்ந்த முதல் நாளே காதைத் திருகிச் சொல்லிக்கொடுப்பது இதுதான். பாலத்துக்காரர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வளையத்தைக்கூட மூடினதில்லை. அந்தப் பெயர் அவருக்கு இருந்தது. அந்தப் பெயர்மேல் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

மிதப்பு இருக்கிறவருக்குத்தான் கண் கெட்டது. முதலில் இடது ஓரத்தில் நடப்பது தெரியவில்லை. கதவு நிலையில் தோள் இடித்தது. டம்ளரைத் தட்டிவிட்டார். "வயசாயிடுச்சு, நிதானம் போயிடுச்சு" என்று மனைவி துடைத்தாள். யாருக்கும் சொல்லாமல், தெரிந்த முகமே இல்லாத ஒரு தெருவாகப் பார்த்து ஒரு கண் டாக்டரிடம் போனார்.

"நரம்பு காய்ஞ்சுட்டு வருது. போன பார்வை போனதுதான், திரும்பி வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்" என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். "என்ன வேலை பார்க்கறீங்க?"

"உட்கார்ந்து பார்க்கற வேலைதாங்க" என்றார் பாலத்துக்காரர். ஆற்றுக்கு மேலே பலகையில் உட்கார்ந்துதானே பார்க்கிறார், முழுப் பொய் இல்லை என்று சமாதானம் செய்துகொண்டார்.

கண் தெரியாதவரை மேலே ஏற்ற மாட்டார்கள். கீழே இறக்கிவிடுவார்கள். பாலத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். கொட்டகையில் பெயிண்ட் கலக்கிக்கொண்டு, பிரஷ் கழுவிக்கொண்டு, மேலே இருப்பவர்கள் கேட்பதைக் கயிற்றில் கட்டி அனுப்பிக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டும். பாலத்துக்காரரால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. வருஷாந்திரக் கண் பரிசோதனை வந்தபோது வரிசையில் கடைசியில் போய் நின்றார். முன்னால் இருப்பவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே பலகை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளைக்கூட மனப்பாடம் செய்யாத மனிதர். அன்றைக்கு ஒப்பித்த வேகத்தைப் பார்த்து, "உங்களுக்குக் கழுகுக் கண்ணு" என்று பாராட்டினார்கள். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம், அதற்கு அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

மச்சினனுக்குக் குழந்தை பிறந்திருந்த சமயம் அது. குழந்தை இரவெல்லாம் அழும், அவன் பகலெல்லாம் கொட்டாவி விடுவான். ஆலைப் பக்கத்துத் தொங்கு சட்டம் ஒன்றில் இருவரும் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தின் ஆற்றைப் பார்த்த முகத்தைக் காலையில் அவன் ஆரம்பித்தான். சாப்பாட்டுக்குப் பிறகு, "நீ நிழல் பக்கம் போ மாப்ளே, விழுந்துவைக்காதே" என்று சொல்லி, மிச்சத்தை அவர் எடுத்துக்கொண்டார். தண்ணீரில் பட்ட வெயில் முகத்தில் அடித்தது. சிவப்பு தெரிந்தது, அடித்தார். மஞ்சள் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

போல்ட் போடுகிறவர்கள் வந்தபோதுதான் விஷயம் வெடித்தது. சுத்தியல்காரர் அவர்களை நேரே அந்தச் சட்டத்துக்கு அழைத்துப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். "இந்த முகத்துல நான் வளையம் போட்டேனேய்யா! எங்கே என் வளையம்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை சாம்பல் நிறம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. சாலையைத் தாங்குகிற சட்டம் அது. அலுவலகத்திலிருந்து எஞ்சினியர் அம்மா ஓடி வந்தார். பக்கத்துச் சட்டங்களிலும் இதே கூத்து நடந்திருக்கிறதா என்று தெரியாமல் ஒரு வண்டியும் விடக்கூடாது என்று பாலத்தின் இரு முனையிலும் தடுப்புப் போட்டார். சுத்தியல்காரர் முதலிலிருந்து தட்டிக்கொண்டு வர வேண்டும்.

பஸ் நின்றது. ஆலைப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை, மேட்டுப் பக்கத்தில் சந்தை இல்லை. மூட்டையும் பையும் கைக்குழந்தையுமாக ஜனம் வெயிலில் நடந்து பாலத்தைக் கடந்தது. நாற்காலியில் உட்காரவைத்து ஒரு பெரியவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது. பாலத்து ஆட்கள் உருப்படாதவர்கள் என்பதுதான் அந்த விஷயம்.

பாலத்தடிக் கொட்டகையில் மேஸ்திரி இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். "ஆத்துப் பக்கத்து முகத்தை முடிச்சது யாரு?"

பாலத்துக்காரருக்கு அந்த வினாடியே தெரிந்துவிட்டது. முகத்தில் அடித்த வெயில் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கத்தான் போனார். அதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லை மேஸ்திரி. தூக்கமே இல்லாம இருந்தேன். காலையில நான்தான் ஆரம்பிச்சேன், வளையம் இருந்த இடம் வரைக்கும் நானே வந்திருப்பேன். நானாத்தான் இருக்கும்." அவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமாவா இருந்தா விட்டிருக்க மாட்டார்."

கொட்டகையில் இருந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆமாம், அவராக இருந்தால் விட்டிருக்க மாட்டார். இதற்குச் சாட்சி வேறு வேண்டுமா? பாலத்துக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த மூச்சுக்குள் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"நீ கொஞ்ச நாளைக்குக் கீழே இரு" என்றார் மேஸ்திரி அவனிடம். "அந்த அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். மறுபடி எப்போ ஏறணும்னு பிறகு பார்ப்போம்."

அன்றையிலிருந்து பாலத்துக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான் செய்தது துரோகம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்க்க எவ்வளவோ முயன்றார். பையன் சின்ன வயசு, தாங்கிக்கொள்வான், வேலை போகவில்லையே, கீழேதானே இருக்கிறான் என்றெல்லாம் ஒரு வக்கீல் மாதிரி தனக்குத் தானே வாதாடினார். வாதத்தில் அவரே ஜெயித்தார். ஜெயித்த பிறகும் நெஞ்சில் கல் அப்படியே உட்கார்ந்திருந்தது. மேலே ஏறினால் கீழே கொட்டகை வாசலில் பெயிண்ட் கலக்குகிற தலை ஒன்று தெரிந்தது. கண் கெட்ட மனிதருக்கு அது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. டீக்கடையில், "எல்லாம் உங்க மச்சினன் பண்ணின வேலையாமே? உங்க பேரைக் கெடுத்துட்டானே" என்று துக்கம் விசாரித்தார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

தடுப்பை எடுத்தார்கள், பஸ் ஓடியது, ஜனம் பழையபடி நெரிசலைத் திட்டியது. மேஸ்திரியும் மனமிரங்கி, "சரி, வந்து ஏறு" என்று மச்சினனிடம் சொன்னார். அவன் ஏறவில்லை.

"வேண்டாம் மேஸ்திரி. நான் கீழேயே இருக்கேன்" என்றான்.

மனைவி ஒரு நாள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு அழுத கண்ணோடு வந்தாள். காய்கறி நறுக்க உட்கார்ந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, தம்பி என்னமோ மாதிரி இருக்கான். அடுப்பை அணைச்சுட்டு அணைஞ்சிருக்கான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறான். கதவைப் பூட்டிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வர்றான். அதுகூடப் பரவாயில்லை. குழந்தையைத் தூக்கவே மாட்டேங்கிறான்."

"தூக்க மாட்டேங்கிறானா?"

"கையில குடுத்தா வாங்க மாட்டேங்கிறான். 'அவ்வளவு பெரிய வளையம், மஞ்சளா இருந்தது, அதைப் பார்த்துக்கிட்டே அடிச்சிருக்கேன்க்கா. என் கையை நான் எப்படி நம்பறது? கீழே போட்டுட்டா?' அப்படிங்கிறான். பிள்ளை அப்பன் முகத்தைப் பார்த்துச் சிரிக்குது. இவன் சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறான்."

பாலத்துக்காரர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையனின் வேலை நாளைத்தான் திருடினோம் என்று நினைத்திருந்தார். அவனுடைய கையையே அல்லவா பிடுங்கிக்கொண்டிருக்கிறார்! இனி ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாது என்று பட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வெல்டிங் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. கொடி முழுக்கக் குழந்தைத் துணி. மச்சினன் மனைவி குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் அடுப்பின் பக்கத்தில் நின்றிருந்தான். பாலத்துக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டிவிட்டார்.

"மாப்ளே, அந்த வளையத்தை மூடினது நீ இல்லை. நான். சாப்பிட்டுட்டு வந்து அந்த முகத்தை முடிச்சது நான்தான். என் கண்ணு சரியில்லை. தெரிஞ்சேதான் மறைச்சேன். மேஸ்திரி கேட்டப்போ வாயை மூடிக்கிட்டு நின்னேன். என்னை மன்னிச்சுடு."

அவன் கண் நிறைந்தது. பாலத்துக்காரர் அடியை எதிர்பார்த்தார், வசவை எதிர்பார்த்தார். வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா சொல்லி அனுப்பிச்சுதா மாமா? எனக்காக உங்க பேரைக் கெடுத்துக்காதீங்க."

"டேய், உண்மையைச் சொல்றேன்டா!"

"உங்க கண்ணா? போன தடவை பலகையைக் கடகடன்னு படிச்சீங்களே, நான் பக்கத்துலதானே நின்னேன்? எனக்குத் தைரியம் வரணும்னு சொல்றீங்க. புரியுது மாமா."

அவன் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களை மாதிரி மனசு யாருக்கு வரும் அண்ணா? கூடப் பிறந்தவங்ககூட இப்படிப் பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்க மாட்டாங்க. உட்காருங்க, டீ போடறேன்."

அந்த டீயைக் குடித்த பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கரைப்பது? அவர் எத்தனை விதமாகச் சொல்லியும் எடுபடவில்லை. சத்தியம் செய்தார். சத்தியம் செய்யச் செய்ய அவருடைய பெருந்தன்மைதான் ஏறிக்கொண்டே போனது. மறுநாள் காலை மேஸ்திரியிடம் போனார். மேஸ்திரி முழுவதும் கேட்டுவிட்டு அவர் தோளில் தட்டினார். "பையனைத்தான் மன்னிச்சாச்சே. எதுக்கு இந்த நாடகமெல்லாம்? போய் வேலையைப் பாருங்க." கொட்டகையில் விஷயம் பரவி, பார்க்கிறவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துக் கும்பிடாத குறை. மச்சினனுக்காகப் பொய் சொன்ன மகான் ஆகிவிட்டார். மனைவிகூடச் சொன்னாள்: "பொய்யா இருந்தாலும் நல்ல பொய்ங்க. அவன் நம்பலையேன்னுதான் கஷ்டமா இருக்கு." பேசாமல் இருந்தபோது இருந்த கல்லைவிட, பேசிய பிறகு கிடைத்த நல்ல பெயர் அவரை அதிகமாக அழுத்தியது. மனிதருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வேறு வழி தெரியாமல் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். காலை டீக்கு எல்லோரும் கொட்டகையில் கூடியிருந்தபோது, சிவப்பு பிரைமர் அடித்துக் காயவைத்திருந்த அகலத் தகடு ஒன்றை இழுத்துவந்து வெளிச்சத்தில் சாய்த்து நிறுத்தினார். சுத்தியல்காரரின் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சாக்கட்டியைக் கேட்காமலே உருவி மச்சினன் கையில் திணித்தார்.

"போடு வளையம். எங்கே வேணும்னாலும் போடு. நான் திரும்பி நிக்கறேன்."

"எதுக்கு மாமா இதெல்லாம்?"

"போடுடா!"

அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவன் போட்டான். பாலத்துக்காரர் திரும்பினார். தகட்டின் முன்னால் நின்று விரலால் காட்டினார். இங்கே ஒன்று. இங்கே ஒன்று. அதோடு விரல் நின்றது. தகட்டின் இடது பாதி முழுக்க வளையமாக இருந்தது. அவர் விரல் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"அவ்வளவுதானே?" என்றார்.

"நல்லாவே நடிக்கிறார்யா" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். மேஸ்திரியும் சிரித்தார். மச்சினன் சிரிக்கவில்லை. அவன் சத்தமில்லாமல் அவருடைய இடது பக்கம் வந்து நின்றான். சாக்கட்டி பிடித்த கையை மெதுவாகத் தூக்கி, அவர் கண்ணோரம் கொண்டுபோனான். இன்னும் கிட்டே கொண்டுபோனான். இமை மயிரில் படுகிற தூரம். சிரிப்பு நின்றது. கண்ணில் குத்தப்போகிறது என்று சுத்தியல்காரர் பதறிக் கையை நீட்டினார். பாலத்துக்காரர் தகட்டைப் பார்த்தபடி, இமைகூடத் தட்டாமல், "ஏன் எல்லாரும் பேச மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார்.

அதை யாராலும் நடிக்க முடியாது. மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். மச்சினன் கையை இறக்கினான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைச் சுத்தியல்காரர் பார்த்தார். தான் இல்லை, தன் கை இல்லை என்கிற வெளிச்சம். அது வந்த வேகத்திலேயே அணைந்தது. அவனுக்கு வேறொன்று தோன்றிவிட்டது.

பாலத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலே ஏறுகிறவன் இடுப்பு பெல்ட்டின் கொக்கியைத் தானே மாட்டுவான். மாட்டினது சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கூட ஏறுகிறவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் "ம்" என்றால்தான் காலை எடுத்து வெளியே வைக்கலாம். ஒருவன் உயிருக்கு இன்னொருவன் கண் பொறுப்பு. இத்தனை நாள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தவித்தாரே பாலத்துக்காரர், அந்தத் தவிப்பில் இது ஒரு முறைகூட அவர் நினைப்பில் வரவில்லை. கெட்டதில் இதுதான் பெரிய கெட்டது.

"என் கொக்கியை யார் பார்த்தது?" என்றான் மச்சினன்.

பாலத்துக்காரர் தகட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு பொய் சொல்லலாமா என்று அப்போதும் நாக்கு துருதுருத்தது. சொல்லவில்லை.

"கையால தடவிப் பார்ப்பேன்" என்றார். "சில நாள் அதுவும் இல்லை. நீ ஒழுங்காத்தான் மாட்டியிருப்பேன்னு 'ம்'னு சொல்லிடுவேன்."

"பார்க்காமலா?"

"உன் கையை நம்பித்தான் சொன்னேன். உன் கை ஒரு நாளும் தப்புப் பண்ணலை."

மச்சினன் தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தான். ஆற்றுக்கு மேலே இத்தனை மாதமும் அவனைப் பிடித்திருந்தது அந்தக் கைகள் மட்டும்தான் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. அக்காவை நினைத்தானோ, வீட்டில் சிரிக்கிற பிள்ளையை நினைத்தானோ, தாடை மட்டும் இறுகியது. திட்டுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். திட்டியிருந்தால் பாலத்துக்காரருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் சுவரில் தொங்கிய பெல்ட்டை எடுத்தான். இடுப்பில் கட்டினான். கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்தான். சுத்தியல்காரரிடம் போய் நின்றான். அவர் குனிந்து, கிட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்து, "ம்" என்றார். ஏணியை நோக்கி நடந்தான். பாலத்துக்காரர் வழியில் நின்றுகொண்டிருந்தார். ஏதாவது சொல்ல மாட்டானா என்று அவன் முகத்தையே தேடினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா" என்றான் அவன்.

பாலத்துக்காரர் தள்ளி நின்றார்.